ரிம் மட்டும் மாற்றுவதா, கம்பியும் சேர்த்தா, முழுச் சக்கரமா?

வத்தல்மலை ஏறும்போது சைக்கிளுக்கு ஒன்றும் ஆகாது, ஆளுக்குத்தான் மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் சைக்கிளின் முறை. போன ஆடியில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், தார் பெயர்ந்து நின்ற விளிம்பில் முன்சக்கரம் 'டங்'கென்று இடித்தது. ரிம்மில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. தருமபுரிக்கு வந்து கழுவிப் பார்த்தால் பின் ரிம்மிலும் பிரச்சினை. நிப்பிள், அதாவது கம்பி முனையை ரிம்மில் பிடிக்கும் சின்ன மரைக் குமிழ், உட்காரும் ஓட்டைகளைச் சுற்றி நாலைந்து இடத்தில் முடி மாதிரி விரிசல். அது அன்றைக்கு வந்ததல்ல, ஐந்து வருஷ ஓட்டத்தில் வந்தது.

ஆக இரண்டு ரிம்மும் போச்சு, ஆனால் போன விதம் வேறு. எந்த வழியில் மாற்றுவது என்பதை அதுதான் முடிவு செய்தது.

வழிகள் மூன்று. ரிம்மை மட்டும் வாங்கி, பழைய ஸ்போக்ஸ் கம்பியையே போடலாம். ரிம்மும் கம்பியும் புதிதாக வாங்கிப் பழைய ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், கோக்கலாம். இல்லையென்றால் கோத்த முழுச் சக்கரமே வாங்கிவிடலாம்.

பழைய கம்பி என்றதும் பலரும் முகம் சுளிக்கிறார்கள். நல்ல கம்பிக்கு அது பெரிய அநியாயம். ஓடி ஓடி ஹப்பில் படிந்து உட்கார்ந்த கம்பி, கழுத்து வளைவில் தேய்மானமோ துருவோ இல்லாவிட்டால், இன்னொரு ரிம்மையும் தாங்கும். என் முன்சக்கரம் அப்படித்தான். ஒரே இடி, ரிம் மட்டும் நசுங்கியது, ஒரு கம்பிகூட அதுவரை அறுந்ததில்லை.

ஆனால் புது ரிம் பழையதோடு பொருந்த வேண்டும். ஓட்டை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கு 32. டயர் அளவு 27.5 என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைப்பதில்தான் ஏமாறுவோம். டயர் உட்காரும் விட்டம் இரண்டிலும் 584 மி.மீ.தான். கம்பி முனை உட்காரும் விட்டம், அதாவது ஈ.ஆர்.டி., ரிம்மின் ஆழத்தைப் பொறுத்து மாறும். அதை நானே அளந்தேன். இரண்டு பழைய கம்பிகளைச் சரியாக 200 மி.மீ.க்கு வெட்டி, நிப்பிள் மாட்டி, எதிரெதிர் ஓட்டைகளில் விட்டு இழுத்துப் பிடித்தால் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அதோடு 400 கூட்டினால் ஈ.ஆர்.டி. பழையதற்கும் புதியதற்கும் 2 மி.மீ. வித்தியாசம் வந்தால் கம்பி நீளத்தில் 1 மி.மீ.தான், கவலையில்லை. 6 மி.மீ. வந்தால் கம்பி 3 மி.மீ. பற்றாமலோ மிஞ்சியோ போகும். பற்றாவிட்டால் நிப்பிளின் தலை தெறிக்கும். மிஞ்சினால் மரை தீர்ந்துபோய் மேற்கொண்டு முறுக்க முடியாது.

அளவு சரியென்றால் வேலை சுலபம். பழைய ரிம்மோடு புது ரிம்மை ஒட்டி வைத்து, வால்வு ஓட்டைக்கு நேர் வால்வு ஓட்டை வரும்படி நாலு இடத்தில் டேப் சுற்ற வேண்டும். எல்லா நிப்பிளையும் அரை அரைச் சுற்றாகச் சமமாகத் தளர்த்தி, ஒவ்வொரு கம்பியாகப் பக்கத்து ரிம்முக்கு மாற்றினால் போதும். கோப்பு கலையாது, ஹப்பில் கை வைக்கவே வேண்டாம். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். ஓட்டைகள் இடம் வலமாக மாறி மாறிச் சாய்ந்திருக்கும். வால்வுக்கு அடுத்த ஓட்டை இரண்டு ரிம்மிலும் ஒரே பக்கம் சாயாவிட்டால் ஓர் ஓட்டை தள்ளித்தான் மாற்ற முடியும். அப்போது வால்வுக்கு மேலே கம்பிகள் குறுக்கே வந்து, பம்ப் தலையை மாட்டும்போது விரல் நசுங்கும்.

கம்பி பழையதாக இருக்கலாம், நிப்பிள் கூடாது. 32 நிப்பிள் ஒன்றும் பெரிய செலவில்லை. பித்தளையிலேயே வாங்குங்கள், அலுமினிய நிப்பிளில் மிச்சமாகும் எடையை நம் சாலைக் குழிகளில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

பின்சக்கரத்துக்கு இந்த வழி ஆகாது. போன வருஷமே பல்சக்கரப் பக்கம் இரண்டு கம்பி கழுத்தில் அறுந்திருந்தது. அந்தப் பக்கக் கம்பிகளுக்குத்தான் இழுவிசை அதிகம். இரண்டு அறுந்தால் மிச்சமும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். போதாததற்கு, ஒருமுறை செயின் பெரிய பல்லைத் தாண்டி உள்ளே விழுந்து கம்பிகளைக் கீறியிருந்தது. நகத்தால் தடவினால் சிக்கும்.

எனவே அங்கே புதுக் கம்பி. நம் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணனின் கைத்திறமை பற்றிச் சந்தேகமே வேண்டாம். பழைய பெரிய சைக்கிளின் 40 ஓட்டைப் பின்சக்கரத்தைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கோத்துவிடுவார். எனக்கு வேண்டிய நீளத்தில் துருப்பிடிக்காத கம்பிதான் கடையில் இல்லை. பெங்களூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. பின்சக்கரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு நீளம் என்பதை மறக்காமல் இரண்டு அளவிலும், அளவுக்கு இரண்டு உபரியாக வாங்கினேன்.

நான் கட்டர் எடுத்துப் பழைய கம்பிகளை வெட்டப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "முதல்ல ஃப்ரீவீலைக் கழட்டு தம்பி. வெட்டிட்டா பிடிமானம் ஏது?" சரிதான். ஃப்ரீவீல் என்ற அந்தப் பின் பல்சக்கரத்தைக் கழற்ற முழுச் சக்கரத்தின் பலம் வேண்டும்; அதைக் கழற்றாமல் வலப்பக்கம் புதுக் கம்பி நுழையாது. டிஸ்க் பிரேக்கின் தட்டான ரோட்டரையும் ஆறு போல்ட் கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. ரிம் மட்டும் மாற்றியிருந்தால் இந்த இரண்டு வேலையும் இல்லை.

மூன்றாவது வழியில் போனவன் கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மச்சான். ஆன்லைனில் முழுச் சக்கரம் வாங்கினான். அவன் சைக்கிளில் பின் ஹப் உட்காரும் இடைவெளி 135 மி.மீ., வந்த சக்கரத்தின் ஹப் அகலம் 148. விவரத்தைப் படிக்காதது அவன் தப்புதான். மாற்றி வந்தது பொருந்தியது, ஆனால் கம்பிகள் தளர்வு. கே.ஆர்.பி. அணை வரை போய்த் திரும்புவதற்குள் ஆட ஆரம்பித்து, கடையில் பெண்டு எடுத்த பிறகே அடங்கியது. ஆனாலும் ஹப்பின் பேரிங்கே தேய்ந்து ஆடுகிறது என்றால் நானும் இதையேதான் செய்வேன். விலை குறைந்த சைக்கிள்களில் ரிம், கம்பி, கூலி எல்லாம் கூட்டினால் முழுச் சக்கரமே மலிவாக முடிவதும் உண்டு.

என் கணக்கு: முன்னால் பழைய கம்பி, பின்னால் புதுக் கம்பி. பழைய கம்பி போட்ட முன்சக்கரத்துக்கு ஒரு மாதம் கழித்து மூன்று நிப்பிளில் கால் சுற்று வைத்தோம். பின்னால் புதுக் கம்பிகள் ஹப்பில் படியும்வரை இரண்டு தடவை கடைக்குப் போக வேண்டியிருந்தது. அப்புறம் வத்தல்மலைக்கும் போய் வந்தாயிற்று, அந்த வளைவில் மட்டும் பிரேக்கை விடாமல்.