மூன்று ஜெபப்புத்தகங்கள் ஒரே அட்டைக்குள்: ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு வாங்கலாமா?

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து சபை மரபு) ஜெபப்புத்தகம் வேண்டும் என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் 1662ஆம் ஆண்டுப் பாடம்தான். கையடக்கமான அளவு, கறுப்பு அட்டை, நாடா வைத்த தைப்பு. ஜெபிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன, யார் எழுதினார்கள், பிறகு யார் எதற்காக வெட்டினார்கள் என்று கேட்டால் அந்தப் புத்தகத்தில் பதில் கிடையாது. அதற்கு நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது பிரையன் கம்மிங்ஸ் பதிப்பித்து, ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் 2011இல் வந்த தி புக் ஆஃப் காமன் பிரேயர். 1549, 1559, 1662 என்று மூன்று காலத்துப் பாடங்களும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. முன்னுரை, விளக்கக் குறிப்புகள், வழக்கொழிந்த சொற்களுக்கு அகராதி எல்லாம் உண்டு. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் வளர்ந்தவர்கள், ஆராதனை முறையை மனப்பாடமாகச் சொல்பவர்கள், இறையியல் படிப்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய புத்தகம் என்பது என் கருத்து. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

இந்தப் பதிப்பின் அருமை தெரிய வேண்டுமானால் முதலில் நற்கருணை ஆராதனையைத் திறந்து, அப்பத்தைக் கையில் கொடுக்கும்போது குருவானவர் சொல்லும் வாக்கியத்தைப் பாருங்கள். 1549இல் அது ஏறக்குறைய இப்படி இருக்கிறது: உனக்காகக் கொடுக்கப்பட்ட நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் சரீரம் உன் சரீரத்தையும் ஆத்துமாவையும் நித்திய ஜீவனுக்கென்று காக்கக்கடவது. மூன்றே வருடத்தில், 1552 புத்தகத்தில், அந்த வாக்கியம் அப்படியே தூக்கப்பட்டு வேறொன்று வந்தது: கிறிஸ்து உனக்காக மரித்தார் என்பதை நினைவுகூர்ந்து இதை வாங்கிப் புசி, விசுவாசத்தினாலே உன் இருதயத்தில் ஸ்தோத்திரத்தோடு அவரை உட்கொள். முதல் வாக்கியத்தைக் கேட்ட ஒருவர், என் கையில் இருப்பது கிறிஸ்துவின் சரீரமே என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது வாக்கியம் அதற்கு இடமே கொடுக்காது, அங்கே அப்பம் நினைவுகூருதலுக்கு மட்டும்தான். சரி, 1559இல் முதலாம் எலிசபெத் காலத்தில் என்ன செய்தார்கள்? இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்! பீடத்தின் முன் அருகருகே முழங்காற்படியிடும் இரண்டு பேர், ஒருவர் நம்புவதை மற்றவர் நம்பாதபோதும், ஒரே வாக்கியத்தைக் கேட்டு ஆமென் சொல்லலாம். ஆங்கிலிக்கன் சபை என்ன மாதிரி சபை என்று எனக்குப் புரிந்தது அந்த ஒரு இணைப்பில்தான். 1662இலும் அது அப்படியே தொடர்கிறது.

அப்போது கேன்டர்பரி பேராயராக இருந்த தாமஸ் கிரான்மர்தான் முதல் புத்தகத்தை உருவாக்கியவர், ஆனால் அதை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதவில்லை. 1544இலேயே, எட்டாம் ஹென்றி ஸ்காட்லாந்தோடும் பிரான்ஸோடும் போரில் இருந்த சமயத்தில், ஊர்வலங்களில் பாட லித்தானியாவை (குருவும் சபையும் மாறிமாறிச் சொல்லும் மன்றாட்டு ஜெபம்) ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டார். 1548இல் லத்தீன் பூசைக்கு நடுவே சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு நற்கருணை முறை வந்தது. அடுத்த வருடம் முழுப் புத்தகம், 1549 ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறு முதல் இங்கிலாந்து முழுக்க இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம். அதன் எலும்புக்கூடு சாரம் (Sarum) என்று சொல்லப்படும், சாலிஸ்பரி கதீட்ரலின் பழைய லத்தீன் ஆராதனை முறைதான். தினசரி ஜெபத்தைச் சுருக்கும் எண்ணத்துக்கு ஸ்பானிய கர்தினால் கின்யோனெஸ் செய்த பிரேவியரி (குருமாரின் தினசரி ஜெபப்புத்தகம்) திருத்தம் ஒரு முன்மாதிரி, நற்கருணைப் பகுதிகளில் கொலோன் பேராயர் ஹெர்மன் வெளியிட்ட சீர்திருத்த முறையின் சாயல், இன்னும் சில இடங்களில் ஜெர்மன் லூதரன் முறைகளின் சாயல். கிரான்மர் ஜெர்மனிக்குத் தூதராகப் போனபோது நியூரம்பர்க் லூதரன் போதகர் ஓசியாண்டரின் உறவுப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டவர். குருமார் திருமணமே செய்யக்கூடாது என்றிருந்த காலம் அது. அந்த மனிதர்தான் திருமண ஆராதனையில், திருமணம் ஏற்படுத்தப்பட்டதற்கான காரணங்களில் ஒன்றாகக் கணவன் மனைவி ஒருவருக்கொருவர் துணையாகவும் உதவியாகவும் ஆறுதலாகவும் இருப்பதைச் சேர்த்தார். அதை வாசிக்கும்போது அவர் மனைவியின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

1549இன் முகவுரையை விட்டுவிடாதீர்கள். பழைய முறையில் எந்த நாளுக்கு எதை வாசிப்பது என்று கண்டுபிடிப்பதே, கண்டுபிடித்ததை வாசிப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது என்று கிரான்மர் அதில் சொல்கிறார். குருமார் கையில் ஏகப்பட்ட புத்தகங்கள், ஊருக்கு ஊர் வேறு முறை, ஜனங்களுக்குப் புரியாத லத்தீன். அதற்குப் பதில் ஒரு புத்தகம், ஒரு முறை, எல்லோருக்கும் புரியும் மொழி. நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லோருக்கும் புரியும் மொழி என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் மேற்குப் பகுதியில் பொய்யாகிப்போனது. அங்கே பலருக்கு ஆங்கிலமே தெரியாது. பக்கத்து மாவட்டமான டெவனில் சாம்ப்ஃபர்ட் கோர்ட்னே என்ற கிராமத்தில் பெந்தெகொஸ்தே ஞாயிறு முடிந்து மறுநாளே, பழைய பூசையைத்தான் நடத்த வேண்டும் என்று ஜனங்கள் குருவைக் கட்டாயப்படுத்தினார்கள். அது பெரிய கலகமாகி, எக்ஸிட்டர் நகரம் முற்றுகையிடப்பட்டது. புது ஆராதனை கிறிஸ்மஸ் விளையாட்டு மாதிரி இருக்கிறது, எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் எழுதியே கொடுத்தார்கள். அரசாங்கப் படைகள் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று அதை அடக்கின. எக்ஸிட்டருக்கு வெளியே செயின்ட் தாமஸ் ஆலயத்தின் குருவை, அங்கி போட்டபடியே, அவருடைய ஆலயக் கோபுரத்திலேயே தூக்கிலிட்டார்கள். ஒரு ஜெபப்புத்தகத்துக்காக. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 1549 பக்கங்களைச் சும்மா அழகான இலக்கியமாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை.

அடக்க ஆராதனைக்கு வருகிறேன், இந்தப் பதிப்பிலேயே என் மனதை அதிகம் தொட்ட இடம் அது. 1549இல் குருவானவர் தன் கையாலேயே பிரேதத்தின் மேல் மண்ணைப் போட்டு, உன் ஆத்துமாவைப் பிதாவாகிய தேவனிடத்தில் ஒப்புக்கொடுக்கிறேன், உன் சரீரத்தை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று இறந்தவரைப் பார்த்தே பேசுகிறார். 1559க்குப் பக்கத்தைத் திருப்புங்கள் (1552இல் செய்த மாற்றம்தான் இங்கே தொடர்கிறது). மண்ணைப் போடுவது சுற்றி நிற்பவர்களில் யாரோ, குருவானவர் பேசுவது உயிரோடிருப்பவர்களிடம், இறந்தவர் நம்முடைய அன்பான சகோதரன் என்று படர்க்கைக்குப் போய்விட்டார், அவருடைய சரீரத்தை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறோம் என்பதோடு சரி. இறந்தவர்களுக்காக ஜெபிக்கக்கூடாது என்ற சீர்திருத்தக் கொள்கை, குழியின் ஓரத்தில் ஒரு மனிதர் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது வரை வந்துவிட்டது. கோட்பாட்டுப் புத்தகங்கள் பத்து வாசித்தாலும் இது இவ்வளவு தெளிவாகப் புரியாது. இரண்டு பாடங்களையும் ஒரே புத்தகத்தில் வைத்திருப்பதால் மட்டுமே கிடைக்கும் பலன் இது.

நம்மூர் ஆலயங்களில் ஆராதனைத் தொடக்கத்தில் சொல்கிறோமே, தப்பிப்போன ஆடுகளைப்போல அலைந்தோம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று வரும் பாவ அறிக்கை, அது 1549இன் காலை ஜெபத்தில் இல்லை. அங்கே கர்த்தருடைய ஜெபத்தோடு நேராகத் தொடங்குகிறார்கள். பாவ அறிக்கை 1552இல் சேர்ந்தது. இந்தப் பதிப்பில் 1559 பகுதியில் அதைப் பார்க்கலாம்.

இங்கேதான் என் முக்கியமான குறை. 1552 முழுப் பாடம் தனியாக இதில் இல்லை. 1559 ஏறக்குறைய 1552இன் மறுபதிப்புதானே, இரண்டையும் போட்டால் புத்தகம் இன்னும் தடிமனாகும் என்பது நியாயம்தான். ஆனாலும் கிரான்மர் தன் மனதுக்கு நெருக்கமாக எழுதியது 1552 என்று நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது ஏமாற்றம். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் பூட்சர் 1549 புத்தகத்தை வரிவரியாக விமர்சித்து எழுதிக்கொடுத்தது, இத்தாலிய இறையியலாளர் பீட்டர் மார்ட்டிர் ஆலோசனை சொன்னது, ஞானஸ்நானத்தில் பிசாசு ஓட்டுதலும் எண்ணெய் பூசுதலும் வெள்ளை வஸ்திரமும் போனது, எல்லாம் அந்த மூன்று வருடத்துக்குள் நடந்தவை. அப்புறம் அச்சுவேலை நடந்துகொண்டிருந்தபோதே, முழங்காற்படியிட்டு நற்கருணை வாங்குவதை ஸ்காட்லாந்துச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ் எதிர்த்துப் பிரசங்கம் செய்ய, முழங்காற்படியிடுவது அப்பத்தை வணங்குவது ஆகாது என்று ஒரு விளக்கத்தைக் கடைசி நேரத்தில் அரசவை சேர்க்கச் சொன்னது. சில பிரதிகளில் அதைத் தனித் தாளில் ஒட்டியிருந்தார்கள். பிளாக் ரூப்ரிக் (ரூப்ரிக் என்றால் ஆராதனையை எப்படி நடத்துவது என்ற குறிப்பு) என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். எலிசபெத் காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள், 1662இல் ஒரு முக்கியமான சொல்லை மாற்றித் திரும்ப வைத்தார்கள். இந்தப் போக்குவரத்தை முழுதாகப் பார்க்க 1552 பாடம் வேண்டும்.

1552 புத்தகம் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை என்பதும் உண்மை. 1553 ஜூலையில் ராஜா ஆறாம் எட்வர்ட் இறந்தார், கத்தோலிக்கரான மேரி ராணியாக வந்தார், லத்தீன் பூசை திரும்பியது, 1556 மார்ச் 21இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிரான்மரை எரித்தார்கள். பயத்தில் மறுதலிப்புக் கையெழுத்துப் போட்ட வலது கையை அவர் முதலில் நெருப்புக்குள் நீட்டினார். எலிசபெத் வந்ததும் 1559 புத்தகத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் பிரபுக்கள் சபையில் மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ரோமாபுரி பிஷப்பின் கொடுங்கோன்மையிலிருந்து எங்களை இரட்சியும் என்று லித்தானியாவில் இருந்த வரியை அந்தப் புத்தகம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. 1549 பக்கத்தையும் 1559 பக்கத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

1662 பகுதிதான் இதில் முழுமையானது. அதற்கு முந்தைய இருபது வருடக் கதை தெரிந்தால்தான் அதன் கனம் தெரியும். 1645இல் நாடாளுமன்றம் ஜெபப்புத்தகத்தையே தடை செய்தது. வீட்டுக்குள் வைத்துப் பயன்படுத்தினாலும் முதல் முறை 5 பவுண்டு, இரண்டாம் முறை 10 பவுண்டு, மூன்றாம் முறை ஒரு வருடம் சிறை. இடையில் ஒழிந்திருந்த மன்னராட்சி 1660இல் திரும்பியதும், 1661இல் சவாய் மாளிகையில் பேராயர்களும் பியூரிட்டன்களும் (சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்றவர்கள்) கூடிப் பேசினார்கள், பியூரிட்டன்கள் கேட்டதில் பெரும்பாலானது கிடைக்கவில்லை. 1662 ஆகஸ்ட் 24க்குள் புது புத்தகத்தை முழுமனதோடு ஏற்றுக்கொள்ளாத குருமார் பதவி இழந்தார்கள், அந்த இரண்டு வருடங்களில் வெளியேறியவர்கள் ஏறக்குறைய 2000 பேர். இவ்வளவு பேரை வெளியே தள்ளிய புத்தகத்தில்தான், நம் ஜனங்கள் மனப்பாடமாகச் சொல்லும் பொது ஸ்தோத்திர ஜெபமும் முதன்முதலாக வருகிறது. அதை எழுதியவர் எட்வர்ட் ரெனால்ட்ஸ், பேராயர்கள் இல்லாமல் மூப்பர்களே சபையை நடத்த வேண்டும் என்ற பிரஸ்பிட்டேரியன் பக்கத்திலிருந்து வந்து நார்விச் பேராயரானவர்.

1662 முகவுரையில் இன்னொரு வரியை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். வயது வந்தவர்களுக்கான ஞானஸ்நான முறையை ஏன் புதிதாகச் சேர்த்தோம் என்று காரணம் சொல்லும்போது, நம்முடைய குடியேற்றங்களில் உள்ள சுதேசிகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் பயன்படும் என்கிறது. கடலில் சொல்ல வேண்டிய ஜெபங்களும் இந்தப் புத்தகத்தில்தான் சேர்ந்தன, கடற்போருக்கு முன்னால் சொல்லும் ஜெபம் உட்பட. பதினெட்டே வருடத்தில், 1680 அக்டோபர் 28இல், சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரிஸ் ஆலயம் பிரதிஷ்டை ஆனது, அங்கே ஒலித்தது இந்தப் பாடம்தான். 1947 செப்டம்பர் 27இல் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950இல் சொந்தமாக ஒரு திருவிருந்து முறையை வெளியிட்டபோது, குருவானவர் சபையைப் பார்த்து நிற்பதும், சிரியக் கிறிஸ்தவ மரபிலிருந்து வந்த சமாதானம் பகிர்தலும் அதில் இடம்பெற்றன. பிறகு உலகம் முழுக்க ஆங்கிலிக்கன் முறைகளைத் திருத்தியவர்கள் நம்மைப் பார்த்தும் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதைக்கு இந்தப் புத்தகத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், இதன் களம் இங்கிலாந்துதான்.

வாசிக்க எப்படி இருக்கிறது? பழைய எழுத்துக்கூட்டலை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். முதல் சில பக்கங்கள் கண்ணைக் குழப்பும், வாய்விட்டு வாசியுங்கள், பழகிவிடும். சத்தமாகச் சொல்வதற்காகவே எழுதப்பட்ட வாக்கியங்கள் என்பதால் காது உதவிக்கு வரும். விளக்கக் குறிப்புகள் எல்லாம் பின்னால் இருப்பதால் அடிக்கடி புரட்ட வேண்டியிருக்கும், இரண்டு நாடா வைத்துக்கொள்வது நல்லது. முன்னுரை அடர்த்தியானது ஆனால் நேர்மையானது. எந்தச் சபைப் பிரிவுக்கும் வக்காலத்து வாங்காமல், இந்தப் புத்தகம் ஜனங்களின் வாழ்க்கையில் பிறப்பு, திருமணம், நோய், சாவு என்று எங்கெல்லாம் நுழைந்தது என்று காட்டுகிறது.

தினமும் ஜெபிக்க என்று மட்டும் கேட்பவர்கள் இதை வாங்க வேண்டாம், சாதாரண 1662 பதிப்பே போதும். இங்கிலாந்து சபையின் சட்டத்தில் அதற்கு இன்றும் இடம் இருக்கிறது. 1928 திருத்தம், பிறகு வந்த 1980, 2000 புத்தகங்கள், அமெரிக்க ஸ்காட்டிஷ் கிளைகள் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கும் இது போதாது. மற்றவர்கள் தைரியமாக வாங்கலாம். வாங்கியதும் 1552 பாடத்தை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி, நற்கருணை, ஞானஸ்நானம், அடக்கம் மூன்றை மட்டும் அச்செடுத்து இதற்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள், 1549க்கும் 1559க்கும் நடுவில்.