மூன்று பேர் திருத்திய கோப்பு: ஏற்பதற்கு வேர்டா, கூகுள் டாக்ஸா, லிப்ரே ஆபிஸா?

திருத்தங்களைத் தடம் வைத்துக் காட்டுவதில் மூன்றும் ஒன்றுதான். சேர்த்தது வண்ணத்தில் தெரியும், நீக்கியதன் மேல் கோடு விழும், ஒவ்வொன்றாக ஏற்கலாம், தள்ளலாம். பல பேர் கைபட்டு நூற்றுக்கணக்கில் திருத்தங்கள் குவிந்த கோப்பைக் கையில் எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். மெய்ப்புப் பார்த்தவர் போட்ட ஒற்றுகளையும் கமாக்களையும் மொத்தமாக ஏற்றுவிடலாம். பதிப்பாசிரியர் வெட்டிய பத்திகளை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். ஆள்வாரியாகப் பிரித்து ஏற்க முடிகிறதா என்பதே இங்கே முக்கியம். அந்த வகையில் என் ஓட்டு லிப்ரே ஆபிஸின் எழுதும் செயலியான ரைட்டருக்கு.

கூகுள் டாக்ஸ் திருத்தங்களைச் சேகரிக்க அருமையான இடம். கமென்டர் (கருத்திடுபவர்) உரிமை மட்டும் கொடுத்தால், எதை மாற்றினாலும் அது பரிந்துரையாகவே விழும். எடிட்டர் உரிமை கொடுத்தால் அவர் நேரடித் திருத்த நிலைக்கு மாறி, தடமில்லாமல் மாற்றிவிடலாம். ஏற்பதற்கு டூல்ஸ் மெனுவில் 'ரிவ்யூ சஜஸ்டட் எடிட்ஸ்' இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் ஏற்கலாம் அல்லது தள்ளலாம். ஒருவருடையதை மட்டும் மொத்தமாக ஏற்க அந்தப் பெட்டியில் வழியில்லை. கோப்பை டாக்எக்ஸ் (வேர்டின் கோப்பு வடிவம்) ஆக இறக்கினால் பரிந்துரைகள் தடத் திருத்தங்களாகவே வரும் என்பதால், சேகரிப்பை அங்கேயும் ஏற்பதை வேறிடத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

வேர்டில் (கணினியில் நிறுவியதைச் சொல்கிறேன்) ஆள்வாரி வசதி உண்டு. ரிவ்யூ தாவலில் ஷோ மார்க்அப், அதில் ஸ்பெசிஃபிக் பீப்பிள் போய் ஒரு பெயரை மட்டும் விட்டு மற்றவற்றின் டிக்கை எடுத்துவிட்டு, அக்செப்ட் பொத்தானின் கீழ் அம்புக்குறியில் 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் ஷோன்' கொடுக்க வேண்டும். ஆபத்தும் அங்கேதான். அதே பட்டியலில் 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ்' என்றும் இருக்கிறது. கை தவறி அதை அழுத்தினால் மறைத்து வைத்தவர்களின் திருத்தங்களும் சேர்ந்து ஏறிவிடும், திரையில் எந்த அறிகுறியும் இருக்காது. தேதி வைத்துப் பிரிக்கவும் இங்கே வழியில்லை.

லிப்ரே ஆபிஸில் எடிட், ட்ராக் சேஞ்சஸ், மேனேஜ் என்று போனால் எல்லாத் திருத்தங்களும் ஒரே பட்டியலாக விரியும்: என்ன செயல், யார், எப்போது, என்ன குறிப்பு. நெடுவரிசைத் தலைப்பைச் சொடுக்கினால் அந்த வரிசையில் அடுக்கும். ஷிஃப்ட் அல்லது கன்ட்ரோலை அழுத்தியபடி பல வரிகளைத் தேர்ந்து ஒரே அடியில் ஏற்கலாம். பக்கத்திலேயே ஃபில்டர் தாவல். ஆசிரியர் பெயர், தேதி வரம்பு, செயல் வகை, குறிப்பிலுள்ள சொல் எதை வைத்தும் சுருக்கலாம். சுருக்கிய பிறகு 'அக்செப்ட் ஆல்' கொடுத்தால் பட்டியலில் இருப்பவை மட்டுமே ஏறும். ஏறப்போகும் வரிகளை முன்கூட்டியே கண்ணால் பார்த்துவிடலாம் என்பதுதான் வேர்டை விட இதை நம்பக் காரணம். ஒரே ஆள் இரண்டு சுற்று திருத்தியிருந்தால் தேதி வரம்பு போட்டு முதல் சுற்றை மட்டும் முடித்துவிடலாம்.

எந்தக் கருவியானாலும் பெயர் சரியாக இல்லாவிட்டால் இந்த வடிகட்டல் பயன்படாது. லிப்ரே ஆபிஸின் அமைப்புகளில் பயனர் பெயரைக் குறிக்கும் யூசர் டேட்டா காலியாக இருந்தால் எல்லாமே 'அன்நோன் ஆதர்' என்று விழும். வேர்டில் சேமிக்கும்போது சொந்தத் தகவலை நீக்கும் அமைப்பு இயங்கினால் எல்லார் பெயரும் 'ஆதர்' ஆகிவிடும். அதன்பின் யார் திருத்தியது என்று பிரிக்கவே முடியாது. கோப்பை அனுப்பும் முன்பே ஒவ்வொருவர் கணினியிலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். ஒருவர் சேர்த்த வாக்கியத்துக்குள் இன்னொருவர் ஒரு சொல்லை நீக்கியிருந்தால், சேர்த்தவரின் திருத்தத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதைத் தள்ளினால் உள்ளே இருந்த நீக்கமும் கூடவே போய்விடும். ஏற்றால் நீக்கம் மட்டும் தனியே நிற்கும், நிதானமாகப் பார்க்கலாம்.

தமிழ்க் கோப்புக்கு ஒன்று கூடுதல். 'கி'யை 'கீ' ஆக்க இகரக் குறியை மட்டும் அழித்து அடித்தால், பழைய குறியும் புதிய குறியும் ஒரே மெய்யின் பின்னால் நின்று புள்ளி வட்டம் தோன்றும். எது நீக்கம், எது சேர்ப்பு என்று படிக்கவே வராது. முழுச் சொல்லையும் அழித்துப் புதிதாக அடிக்கும்படி திருத்துபவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

உரைநடைப் பிரதிக்கு மட்டுமே இந்தப் பரிந்துரை. தானியங்கி உட்பிரிவு எண்களும் சிக்கலான அட்டவணைகளும் நிறைந்த ஒப்பந்தம் என்றால், லிப்ரே ஆபிஸில் திறந்து டாக்எக்ஸாகச் சேமிக்கும்போது அமைப்பு நகரக்கூடும். அப்படிப்பட்ட கோப்பை வேர்டிலேயே வைத்து, நகல் எடுத்துக்கொண்டு, 'ஷோன்' என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்து அழுத்துங்கள்.