பிரிட்ஜ் கதவில் மூன்று பாணிப் போத்தல்கள்

எங்கள் பிரிட்ஜ் கதவில் இப்போது மூன்று போத்தல்கள் நிற்கின்றன, மூன்றிலும் கொக்டெயிலுக்கு இனிப்பாக ஊற்றுகிற பாணி. ஒன்று கொழும்பில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய வெளிநாட்டுச் சீனிப்பாணி. மற்றது வெள்ளைச் சீனியில் வீட்டில் செய்தது. மூன்றாவது பனங்கட்டியில் செய்தது. ஆறேழு மாதமாக மூன்றையும் மாறி மாறிப் பாவித்துவிட்டேன். கடைப் போத்தலை இனி வாங்க மாட்டேன், பனங்கட்டிப் பாணியை இனி விட மாட்டேன். வீட்டில் கொக்டெயில் கலக்க விரும்புகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவும் அத்தானும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். ஓகஸ்டில் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று கிழமை நிற்பார்கள். போன முறைக்கு முதல் முறை அத்தான் ஒரு ஷேக்கரும் மில்லிலீற்றர் கோடு போட்ட சின்ன அளவுக் குவளையும் கொண்டுவந்தார். அதுவரை எனக்குச் சாராயம் என்றால் ஜிஞ்சர் பியரோடு, இல்லாவிட்டால் சோடாவோடு. அத்தான் தென்னஞ்சாராயம் 60 மில்லிலீற்றர், தேசிக்காய்ப் புளி 25, சீனிப்பாணி 20 என்று அளந்து, ஐஸ் நிறையப் போட்டு, ஷேக்கரின் வெளிப்பக்கம் பனி பூக்கும்வரை குலுக்கி, வடித்து ஒரு சின்னக் கிளாசில் தந்தார். இருபது வருடமாகக் குடிக்கிற அதே சாராயம்தான். ஆனால் அதில் தென்னம்பூ வாசம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கியூபாவில் இதே மாதிரி ரம்மில் செய்வதற்குப் பெயர் டைக்கிரி. சந்தியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரை ஊரின் பெயர் அது.

அத்தான் போன பிறகு நானே செய்து பார்த்தேன். பாணி இல்லை, சீனிதானே என்று ஒரு கரண்டி சீனியை ஷேக்கரில் நேரே போட்டேன். முதல் மிடறு ஒரே புளி, கடைசி மிடறில் பல்லில் நறநறவென்று சீனி. குளிர்ந்த தண்ணீரில் சீனி மெதுவாகத்தான் கரையும், சாராயத்தில் இன்னும் கஷ்டம். அதனால்தான் இந்த வேலைக்குச் சீனியை முதலிலேயே தண்ணீரில் கரைத்துப் பாணியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படித்தான் அந்தக் கடைப் போத்தலை வாங்கினேன். அதில் நல்லது என்று சொல்ல இரண்டு இருக்கின்றன. தண்ணீர் மாதிரித் தெளிவு, எந்தக் குடிவகையின் நிறத்தையும் மாற்றாது. முதல் நாள் ஊற்றிய இனிப்பும் கடைசி நாள் ஊற்றிய இனிப்பும் ஒன்றுதான். ஆனால் அந்த விலைக்குப் பல கிலோ சீனி வாங்கலாம். சேர்மானத்தைப் படித்தால் சீனி, தண்ணீர், கெடாமல் இருக்க ஒரு பதார்த்தம், அவ்வளவுதான். மூக்கருகில் பிடித்தால் வனிலா மாதிரி மெல்லிய ஒரு வாசம் வரும். சாராயத்தோடு அது எனக்குப் பிடிக்கவில்லை. போத்தலின் வாயில் உள்ள ஊற்றியும் சரியில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துளி கழுத்தால் வழிந்து காயும், மறுநாள் மூடியைத் திறக்கத் துணி பிடித்துத் திருக வேண்டும். முதல் கிழமை அதைக் குசினி மேசையில் வைத்திருந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் ஜன்னலிலிருந்து போத்தல்வரை ஒரே நேர்கோட்டில் சிற்றெறும்பு. தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தி வைத்தேன், பிறகு பிரிட்ஜுக்கே மாற்றிவிட்டேன்.

சரி, வீட்டுப் பாணிக்கு வருவோம்.

முதல் முறை பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுகிற மாதிரியே செய்தேன். சீனியும் தண்ணீரும் சட்டியில் போட்டு அடுப்பில் கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டேன். பதம் வந்தது என்று சந்தோஷப்பட்டேன். அதைத்தான் செய்யக் கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, பாணி எவ்வளவு இனிப்பு என்ற கணக்கு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. ஒரு நாள் செய்த பாணியில் 20 மில்லிலீற்றர் அளவாக இருக்கும், அடுத்த முறை செய்ததில் அதே 20 திகட்டும். வட்சப்பில் அத்தானிடம் கேட்டபோது சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, சீனி கரைய வேணும், அவ்வளவுதான். கொதிக்கத் தேவையில்லை. நிறுத்துப் போடு."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நிறுத்துப் போட வேண்டும். கப்பால் அளந்தால் ஒரு கப் தண்ணீர் ஏறக்குறைய 240 கிராம், அதே கப்பில் சீனி 200 கிராம் அளவில்தான் வரும். சமன் என்று நினைத்துப் போட்டது சமன் இல்லை. அதனால் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். இந்த முயற்சி முழுவதிலும் அதற்குக் கொடுத்த காசுதான் மிகவும் பிரயோசனப்பட்டது. இப்போது சீனி 200 கிராம், கொதித்து இறக்கிய தண்ணீர் 200 கிராம். கண்ணாடிப் போத்தலில் இரண்டையும் போட்டு மூடிக் குலுக்குவேன். முதலில் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கும். அது அழுக்கில்லை, காற்றுக் குமிழிதான். மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிய, அடியிலிருந்து மேலே மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டு வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சரித்தால் பாணிக்குள் நூல் நூலாக ஏதோ நெளிவது தெரியும். அது இன்னும் ஒன்றாகக் கலக்காத சீனி. இன்னொரு தடவை குலுக்கினால் நூல் மறைந்துவிடும், அப்போது பாணி சரி. 200க்கு 200 போட்டால் 325 மில்லிலீற்றர் அளவு கிடைக்கும், அதாவது பதினாறு கிளாசுக்குக் காணும்.

சீனியை இரட்டிப்பாக்கி 400க்கு 200 என்று செய்கிறவர்களும் உண்டு. அது 450 மில்லிலீற்றர் வரும், நல்ல கொழகொழப்பு, கன நாள் கெடாது. மற்றதில் 20 ஊற்றுகிற இடத்தில் இதில் 14 போதும். ஆனால் 20 பாகை செல்சியசில் தண்ணீர் தன் நிறையைப்போல் இரண்டு மடங்கு சீனியைத்தான் பிடித்து வைக்கும். பிரிட்ஜ் குளிரில் அதைவிடக் குறைவு. அதனால் அடியில் கற்கண்டு மாதிரிக் கட்டும். கட்டினால் பயப்படத் தேவையில்லை, போத்தலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் கரைந்துவிடும். எனக்குச் சமன் பாணியே கைக்குப் பழகிவிட்டது.

கெடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் வீட்டுக்குள்ளேயே வேகும். அப்படி ஒரு கிழமையில் சமன் பாணியை மேசையில் மறந்துவிட்டேன். நாலாம் நாள் மூடியைத் திறக்க மெல்லிதாக ஒரு "புஸ்" சத்தம், விளிம்பில் சின்னச் சின்னக் குமிழி, கள்ளு மாதிரிப் புளித்த வாசம். கொட்டிவிட்டேன். சீனி கூடினால் எந்தக் கிருமியும் வளராது என்பது இரட்டிப்புப் பாணிக்கு ஓரளவு பொருந்தும், சமன் பாணிக்குப் பொருந்தாது. போத்தலைக் கொதிதண்ணீரில் அலசி, பிரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். போத்தலில் செய்த திகதியை எழுதி ஒட்டிவிடுகிறேன்.

இடையில் சிவப்புச் சீனியிலும் செய்து பார்த்தேன். கந்தளாயில் சீனித் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கரும்பு நின்றதை அப்பா சொல்வார். 1993இல் அது மூடப்பட்டது. இப்போது கடைகளில் கிடைக்கிற உள்ளூர்ச் சிவப்புச் சீனி பெல்வத்தை, செவனகலைப் பக்கமிருந்து வருகிறது. அதன் பாணி நன்றாகவே இருக்கிறது, லேசாகக் கரும்புச்சாறு வாசம். ஆனால் பனங்கட்டியை ருசி பார்த்த பிறகு நான் அதன் பக்கம் போகவில்லை.

இனிப் பனங்கட்டி. தங்கச்சியைப் பருத்தித்துறையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. யாரும் இந்தப் பக்கம் வந்தால் பனையோலைக் குட்டானில் போட்ட பனங்கட்டி அனுப்புவாள். அம்மா இருந்த காலத்தில் தேத்தண்ணியோடு கடித்துக் குடிப்பார். அம்மா போன பிறகு குட்டான்கள் டப்பாவில் அப்படியே கிடந்தன. ஒரு நாள் வெள்ளைச் சீனி முடிந்துபோய்க் கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டு, அதில் இரண்டை எடுத்து உடைத்தேன்.

முதல் முறை பிழைத்துப் போனது. பனங்கட்டி குலுக்கிக் கரையாது, அடுப்பு வேண்டும், அதனால் பழைய புத்தியில் இருபது நிமிடம் காய்ச்சிவிட்டேன். ஆறிய பிறகு போத்தலில் டொபி மாதிரி இறுகிவிட்டது, கவிழ்த்தாலும் விழவில்லை. இப்போது செய்கிற முறை இது: பனங்கட்டியைத் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் தட்டித் தூளாக்கி 200 கிராம், தண்ணீர் 200 கிராம். மெல்லிய நெருப்பில் வைத்துக் கிளற, ஓரத்தில் முதல் குமிழி வரும்போது இறக்கிவிட வேண்டும். சூட்டோடேயே வெள்ளைத் துணியில் வடித்து, ஒரு இரவு பிரிட்ஜில் அசையாமல் வைத்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய மண்டி படியும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு போத்தலுக்கு மாற்றுவேன். வடித்த துணியில் ஓலை நாரும் கறுத்தத் துகளும் கிடக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். மரத்திலிருந்து இறங்கிய பொருள்.

இதோடு செய்த கிளாஸ்தான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. சாராயம் 60, தேசிக்காய்ப் புளி 25, பனங்கட்டிப் பாணி 22. பனங்கட்டி முழுக்கச் சீனி இல்லை என்பதால் இரண்டு மில்லிலீற்றர் கூட. குலுக்கி ஊற்றினால் மேலே பால்தேத்தண்ணி நிறத்தில் மெல்லிய நுரை நிற்கும். முதலில் புளி, அடுத்துச் சாராயம், அது இறங்கிய பிறகு நாக்கின் பின்பக்கம் லேசான உப்பும் புகையும் கலந்த ஒரு இனிப்பு வந்து நிற்கும். வெள்ளைச் சீனியின் இனிப்பு வந்த உடனே போய்விடும், இது போகாது. பனையில் முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் பொழுது சாய்வதற்குள் கள்ளு. தென்னையில் கள்ளாகவே விட்டு இறக்கி வடித்தது சாராயம். கள்ளாகாமல் தடுத்து எடுத்த பனையும், கள்ளாக விட்டு வடித்த தென்னையும் ஒரே கிளாசில் சேருகின்றன. ரொறன்ரோவில் எந்தக் கடையிலும் அத்தானுக்கு இந்தச் சேர்க்கை கிடைத்திருக்காது.

கித்துள் பாணியிலும் செய்யலாம். கிண்ணியாத் தயிரோடு சாப்பிட வாங்கி வைத்திருப்போமே, அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு சுடுதண்ணீர் சேர்த்தால் ஊற்றும் பதம் வரும். ருசி நல்லது, ஆனால் புகை கூட, சாராயத்தை அமுக்கிவிடுகிறது. நல்ல கித்துள் விலையும் அதிகம். ஒரு முறை தெருவோரத்தில் வாங்கிய போத்தலில் கித்துள் வாசமே இல்லை, கருக்கிய சீனி வாசம்தான். அதைத் தயிருக்கும் விடவில்லை.

பனங்கட்டிப் பாணிக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறம் மண் நிறம், கண்ணாடிக் கிளாசில் பார்க்க வடிவாக இருக்காது. ஒவ்வொரு குட்டானும் ஒவ்வொரு மாதிரி, ஒன்றில் உப்புக் கூட, ஒன்றில் இனிப்புக் கூட. ஆகவே புதுப் போத்தல் செய்த அன்றைக்குச் சும்மா ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டுத்தான் அளவைத் தீர்மானிக்கிறேன். ஜின், வொட்கா போன்ற வெள்ளைக் குடிவகைகளுக்கு இது சரிவராது. அவற்றுக்கு வெள்ளைச் சீனிப்பாணிதான்.

என் மனைவி குடிப்பதில்லை. அவவுக்குப் பனங்கட்டிப் பாணி 30, தேசிக்காய்ப் புளி 25, ஒரு சிட்டிகை உப்பு, ஊறவைத்த கசகசா ஒரு கரண்டி, மேலே குளிர்ந்த சோடா. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய் வெயிலில் மலை இறங்கி வருகிற நாளில் முதலில் கேட்பது இதைத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் இதைத்தான் கேட்கின்றன. உண்மையில் எங்கள் வீட்டில் பாணி முடிவது சாராயத்தால் இல்லை, இதனால்தான்.

கடைப் போத்தலில் இன்னும் கால்வாசி கிடக்கிறது, ஐஸ்கோப்பிக்கு விட்டு முடித்துவிடலாம். டப்பாவில் மிஞ்சியது ஒரு குட்டான். அத்தான் ஓகஸ்ட் இரண்டாம் கிழமை வருகிறார், தங்கச்சியிடம் பத்துக் குட்டானுக்குச் சொல்லிவிட்டேன்.