கணுக்கால் ரேடியம் பட்டை: எண்ணூர் ரோட்டில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

பாரிமுனைப் பக்கம் சேஃப்டி சாமான் விற்கும் கடைகளில் இரவில் நடப்பவர்களுக்கு மூன்று வகை கிடைக்கிறது: மஞ்சள் வலை ஜாக்கெட், வெல்க்ரோ வைத்த கணுக்கால் பட்டை, பட்டன் செல் போட்ட எல்இடி கைப்பட்டை. மூன்றுக்கும் நம்மூரில் ஒரே பெயர், ரேடியம். ரேடியம் எதிலும் கிடையாது. அந்த வெள்ளிப் பட்டையில் இருப்பது பொடிப்பொடிக் கண்ணாடி மணிகள். விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்.

குடித்துவிட்டு நடந்து வீடு திரும்பும் ஆளுக்கு வாங்குவதென்றால் கணுக்கால் பட்டைதான், அதுவும் ஜோடியாக. டிம் லைட் தரையை ஒட்டித்தான் விழும். முதலில் வெளிச்சம் படுவது காலில். மார்புப் பட்டை அசையாமல் மின்னும், தூரத்தில் பேரிகேடா ஆளா என்று தெரியாது. இரண்டு கணுக்கால்கள் மாறி மாறி மின்னினால் ஆள் நடக்கிறான் என்று டிரைவருக்குச் சட்டென்று பிடிபடும். லுங்கியை மடித்துக் கட்டுகிறவருக்கு இது சரி. இறக்கிக் கட்டினால் பட்டை உள்ளே போய்விடும். அவருக்கு லுங்கியின் கீழ்க்கரையிலேயே 2 அங்குலப் பட்டையைச் சுற்றிலும் தைத்துவிடலாம், இரண்டேகால் மீட்டர் போதும்.

60 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. டிரைவர் சுதாரித்து பிரேக்கை மிதிப்பதற்குள் 25 மீட்டர், காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னொரு 20. கறுப்புச் சட்டைக்காரர் டிம் லைட்டில் தெரிவதே 30 மீட்டர் வாக்கில்தான். நல்ல பட்டை 150 மீட்டரிலேயே மின்னும்.

குடித்தவர் பக்கக் கணக்கையும் பாருங்கள். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆள் அதைச் சீக்கிரம் குடித்து முடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராமைத் தாண்டிவிடும். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விட்டிருப்பது 30. குறைவது மணிக்குச் சுமார் 15 என்பதால், பத்து மணிக்கு மதுக்கடை மூடியதும் கிளம்புகிறவருக்கு நள்ளிரவிலும் போதை இருக்கும். எதிரே வரும் லைட் எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று அவருக்குப் பிடிபடாது. அதனால் பட்டையைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்புவது வீண். வீட்டிலிருந்து கிளம்பும்போதே காலில் இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு வருஷமே, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என்று விளக்கமும் வந்தது. அதனால் ஊருக்குள் மதுக்கடையும் பெரிய ரோடும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கலாம்.

இனி இந்தப் பட்டையின் பெரிய குறை, அதுவும் வடசென்னைக்கென்றே உள்ள குறை. வெளிச்சம் திரும்பிப் போவது ஹெட்லைட்டை நோக்கி. காரில் டிரைவர் கண் ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் நிறைய வெளிச்சம் வந்து சேரும். கன்டெய்னர் டிரெய்லரில் அவர் உட்கார்ந்திருப்பது எங்கோ உயரத்தில். தொலைவில் வித்தியாசம் தெரியாது; வண்டி நெருங்க நெருங்க அவர் கண்ணுக்குப் பட்டை மங்கும். கேபினுக்கு நேர் முன்னால், பம்பரை ஒட்டி நிற்கும் ஆள் அவருக்குத் தெரியவே மாட்டார். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் இரண்டு டிரெய்லர்களின் இடுக்கிலிருந்து வெளியே வருகிறவர் மேல் ஹெட்லைட்டே விழாது. அங்கே எந்தப் பட்டை கட்டினாலும் ஒன்றுதான்.

எல்இடி கைப்பட்டையை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். செல் தீர்ந்தது தெரியாமலே கட்டிக்கொண்டு போவார்கள். உள்ளே எஃகுத் தகடு வைத்த, தட்டினால் சுருண்டுகொள்ளும் பட்டையும் வேண்டாம். உறை கிழிந்தால் தகடு காலைக் கீறும். ஜாக்கெட் கெட்டதல்ல, ஆனால் வாசல் தாண்டியதும் கழற்றிச் சுருட்டிவிடுவார்கள்.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். பட்டையை ஐந்து மீட்டர் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, போன் டார்ச்சைக் கண்ணோரம் ஒட்டி வைத்துப் பாருங்கள். இடுப்பில் வைத்துப் பார்த்தால் நல்ல பட்டையும் மங்கலாகத்தான் தெரியும். பளீரென்று வெள்ளையாக மின்னினால் பட்டை சரி, சாம்பல் நிறமாகவே இருந்தால் வெறும் வெள்ளிப் பூச்சு. பிளீச்சிங் பவுடரும் இஸ்திரிப் பெட்டியும் ஆகாது, பிரஷ் போட்டுத் தேய்த்தால் மணிகள் உதிரும். மாதம் ஒருமுறை அதே டார்ச் சோதனை செய்து, மங்கியதை மாற்றிவிடுங்கள்.