சடங்கு மேக்கப் அருமை, ஆனால் என் மகளின் முகத்தை விளம்பரமாக்கிவிட்டார்கள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்து டவுனில் இருக்கும் மேக்கப், போட்டோ கடையைப் பற்றி எழுதுகிறேன். கடைப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாலு பேர் அந்தக் கடையின் முகநூல் பக்கத்துக்குப் போய்த் தேடுவார்கள், தேடினால் யாராவது பகிர்ந்து வைத்த இடத்தில் என் மகளின் படம் மறுபடியும் கிடைக்கும். அது நடக்கக்கூடாது என்றுதான் இரண்டு மாதமாக அலைந்தேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அதில் குறை சொன்னால் பொய்யாகிவிடும். என் மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு 950 வெள்ளி (ரிங்கிட்) பேக்கேஜ். மேக்கப், தலை அலங்காரம், இரண்டு சேலை கட்டிவிடுவது, நகை வாடகை, போட்டோ, ஒரு ஆல்பம். காலை ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் மகள் கூச்ச சுபாவம், புது ஆளைக் கண்டால் வாயே திறக்கமாட்டாள். அந்தக் கடைக்காரப் பெண் பேசிப் பேசியே அவளைச் சிரிக்க வைத்து, அவள் நிறத்துக்கு ஏற்ற மாதிரி அளவாகப் போட்டுவிட்டார். மண்டபத்தில் கிழவிகள் எல்லாம் கன்னம் தடவி நெட்டி முறித்தார்கள். ஆல்பம் மூன்று வாரம் தாமதம், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆல்பம் வாங்கப் போனபோது, "அக்கா, ஒரு படம் எங்க பேஜ்ல போட்டுக்கலாமா?" என்று கேட்டார். சரி என்றேன். அந்தச் சரியை நான் மறுக்கவே இல்லை. பத்துப் படத்தோடு பதினொன்றாக ஒரு படம் இருக்கும், நம் சொந்தக்காரர்கள் பார்த்து லைக் போடுவார்கள், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

ஏழு மாதம் கழித்து, அவள் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று வகுப்புக்குப் போன பிறகு ஒரு நாள், பள்ளியிலிருந்து வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தோழி அனுப்பிய படத்தைக் காட்டினாள். முகநூலில் காசு கட்டி ஓட்டும் விளம்பரம். சடங்குச் சேலையில் என் பிள்ளை, மேலே ஃபேஷியல் பேக்கேஜ் 129 வெள்ளி, நிறம் பளிச்சென்று மாறும் என்று பெரிய எழுத்து. என் பிள்ளை அங்கே ஃபேஷியல் செய்ததே கிடையாது. அதைவிட, அவள் முகத்தை கணினியில் வெளுப்பாக்கி இருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் கறுப்புதான், அவளும் நல்ல கறுப்பு, அந்த நிறத்தில்தான் அன்று அத்தனை அழகாக இருந்தாள். "அது நான் இல்லம்மா," என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

சடங்குப் படம் என்றால் என்ன சேதி என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தபந்தம் கூடிய மண்டபத்தில் அந்தச் சேதியைச் சொல்வது வேறு, காசு கட்டி ஊர் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் கைப்பேசியில் சொல்வது வேறு. இடைநிலைப்பள்ளியில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அது என்ன விழா என்று யாரோ கேட்க, ஒரு பையன் எழுந்து நின்று விளக்கியிருக்கிறான். இரண்டு நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை.

வாட்ஸாப்பில் கேட்டேன். "நீங்கதானே அக்கா ஓகே சொன்னீங்க" என்று பதில். பேஜில் போடுவதற்குத்தானே சரி சொன்னேன் என்றதும், நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப் பாரத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், படங்களைக் கடை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. நேரில் போனபோது, முகநூலில் ஏற்றிவிட்டால் அது எல்லாருக்கும் பொது, அங்கே யாரும் எதுவும் செய்ய முடியாது என்றார். அது தவறு. நாம் ஏற்றும் படத்தைப் பயன்படுத்த முகநூல் நிறுவனத்துக்குத்தான் அனுமதி கொடுக்கிறோம், பக்கத்துத் தெருக் கடைக்கு இல்லை. அந்த நிறுவனமே ஒரு முறை இதில் மாட்டியிருக்கிறது. 2011இல், நாம் எதற்காவது லைக் போட்டால் நம் பெயரையும் படத்தையும் சேர்த்து நண்பர்களுக்கு விளம்பரமாகக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் வழக்குப் போட்டு, 2013இல் 2 கோடி டாலர் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது, 2014இல் அந்த விளம்பர முறையையே நிறுத்திவிட்டார்கள்.

நான் தோட்டத்து ஆபிஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. நாள் முழுக்க அடுத்தவர்களின் பாரங்களைப் படிக்கிறவள், என் பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்தேன். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரம் செய்கிறவர் நம் தகவலை எதற்கு எடுக்கிறார் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். முக்கியமாக, கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். ஒரு முறை சரி சொன்னால் முடிந்தது கதை என்று இல்லை. போட்டோவைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது: 1987 பதிப்புரிமைச் சட்டத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவருக்கே போகும். அந்த "வேறு மாதிரி" என்பது பெரும்பாலும் பாரத்தின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

வழக்கு போடு என்று அண்ணன் சொன்னார். ஆனால் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் படத்தை அனுமதியில்லாமல் பத்திரிகை விளம்பரத்தில் போட்டதாக வந்த ஒரு வழக்கில், அந்தரங்கத்தில் தலையிட்டார்கள் என்பதற்காக வழக்குப் போட நம் சட்டத்தில் இடமில்லை என்று 2004இல் உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு வந்த வேறு வழக்குகளில் நீதிமன்றங்கள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தாலும், அந்தப் பாதையில் போக எனக்குத் தெம்பில்லை. மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், விளம்பரத்தையும் பேஜில் உள்ள படத்தையும் எடுங்கள், எடுக்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு இலாகாவில் புகார் செய்வேன் என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். விளம்பரம் இரண்டு நாளில் நின்றது. பேஜில் இருந்த படத்தை எடுக்க மேலும் ஐந்து வாரம் ஆனது. மன்னிப்பு வரவில்லை. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அக்கா?" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

அந்தக் கடைக்குப் போகிறவர்கள் போங்கள், நேர்த்தியான வேலை. ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் பாரத்தைத் திருப்பிப் பாருங்கள். விளம்பர வரி இருந்தால் பேனாவால் அடித்துவிட்டு, இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகநூலை நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகம் என்று ஒன்று இணையத்தில் இருக்கிறது, கணக்குகூடத் தேவையில்லை, கடைப் பெயரைப் போட்டுத் தேடினால் இப்போது என்ன விளம்பரம் ஓடுகிறது என்று எல்லாம் தெரியும். மேக்கப்புக்கு ஐந்துக்கு ஐந்து. கடைக்கு ஒன்றுதான் கொடுக்க முடியும்.

நேற்று இரவும் அந்த நூலகத்தில் பார்த்தேன். என் மகளின் படம் இல்லை. அதே ஃபேஷியல் விளம்பரத்தில் இப்போது வேறொரு பிள்ளை, மஞ்சள் பட்டு, வலது பக்கம் மூக்குத்தி, அவளுக்கும் முகத்தை வெளுப்பாக்கியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதை அவரிடம் காட்டுங்கள். மலாய்க் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன்.