பெப்பர்மின்ட் விதை என்று விற்றால் வாங்காதீர்கள்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். இணையத்தில் செடி விற்கும் ஒரு நர்சரியிடம் பெப்பர்மின்ட், சாக்லேட் மின்ட், ஆப்பிள் மின்ட், அன்னாசி மின்ட் என்று நான்கு நாற்றுகளுக்கு 960 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டேன். காய்கறிக் கடையில் கட்டாகக் கிடைக்கும் புதினாவையே நான்கு பெயர் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

வந்தபோது எல்லாம் வாடிக் கிடந்ததால் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துத் தளிர் விட்டபோது நான்கு தொட்டியிலும் ஒரே இலை. ஆப்பிள் மின்ட் இலை வட்டமாக, ரோமம் அடர்ந்து, தொட்டால் கம்பளிபோல இருக்கும். அன்னாசி மின்ட் அதே இனத்தின் இன்னொரு ரகம், இலையோரம் வெளுத்திருக்கும். சாக்லேட் மின்டின் தண்டில் கருஞ்சிவப்பு ஓடும். என் தொட்டிகளிலோ பச்சைத் தண்டு, காம்பே இல்லாததுபோல ஒட்டிய இலை. பெப்பர்மின்டுக்குக் காம்பு தெளிவாகத் தெரியும். மென்றால் மென்தால் நாக்கில் குளிர்ந்து நிற்கும். சட்னிக்கு அரைக்கும் புதினாவின் மணம் பெரும்பாலும் கார்வோன் என்ற வேதிப்பொருள் தருவது, அந்தக் குளிர்ச்சி அதில் வராது. நான்கிலும் ஓர் இலை மென்று பார்த்தேன். சட்னி வாசனைதான்.

புகார் சொன்னதும் ஈடாக ‘பெப்பர்மின்ட் விதை’ ஒரு பொட்டலம் வந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். பெப்பர்மின்ட் நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்டும் (நம் சட்னிப் புதினா) கலந்து உண்டான மலட்டுக் கலப்பினம். அதன் ஓடுதண்டையோ கிளையையோ வெட்டி நட்டுத்தான் பெருக்க முடியும். உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கிப் பக்கம் எண்ணெய்க்காக வயல் வயலாக விளையும் மென்தால் புதினாவையும் விவசாயிகள் தண்டிலிருந்தே வளர்க்கிறார்கள். விதை என்று ஒன்றை விற்கிறவருக்கு இது தெரியாதா?

பொட்டலத்தில் இருந்தவை எள் பருமனில் கறுப்பு விதைகள். சாதாரணப் புதினா விதைகூடத் தூசிபோல அத்தனை பொடியாக இருக்கும். சந்தேகப்பட்டுத் தண்ணீரில் போட்டேன்; சற்று நேரத்தில் ஒவ்வொன்றும் வழுவழுப்பாக வெண்படலம் கட்டி உப்பிக்கொண்டது. சர்பத்தில் போடும் சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சிலை விதை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “அதுதான் விதை அனுப்பிவிட்டோமே” என்றார்கள். மறுநாள் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் வாங்குவதானால், காம்பும் தண்டின் நிறமும் தெரியும்படி உங்களுக்கு அனுப்பப்போகும் செடியையே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.