மார்ச் கடைசியில் புரோட்டீன் ஆர்டர் போடுகிறவர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் ஒரு ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிறேன். நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லின் மேல் இருக்கும் பிடி-1 என்ற ஏற்பிப் புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கிளைகள்தான் என் ஆய்வு. 1992-ல் இந்த ஏற்பியைக் கண்டறிந்த குழுவின் தலைவர் தசுக்கு ஹோன்ஜோ 2018-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புற்றுநோய் மருத்துவத்தில் அவ்வளவு முக்கியமான புரதம்.

அந்தப் புரதத்தைத்தான், ஹெக் 293 என்ற மனித செல்லில் தயாரித்தது, லயோபிலைஸ் செய்த (உறைய வைத்து உலர்த்திய) தூள், 100 மைக்ரோகிராம் என்று எழுதிக் கேட்டு ஒரு டீலரிடம் வாங்கினோம். 41,000 ரூபாய்.

மார்ச் 29 மதியம் வண்ணார்பேட்டை கூரியர் ஆபீஸ் அண்ணாச்சி போன் செய்தார்: "பெட்டி ஒழுகுதும்மா, சீக்கிரம் வாங்க." ஐஸ் பேக் தண்ணீராகிக் கிடந்தது. குப்பியில் தூள் இல்லை, திரவம். டீலரைக் கேட்டால், "ஒண்ணும் ஆகாது மேடம், பில்லுல கையெழுத்துப் போடுங்க, 31 தாண்டினா உங்க ப்ராஜெக்ட் பணம்தான் திரும்பிப் போகும்" என்றார். அது உண்மைதான். அதனால் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஏப்ரலில், புரதங்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டினேன். பிடி-1-இன் வெளிப்பகுதி வெறும் புரதமாக 17 கிலோடால்டனுக்குள்தான் (புரத எடையின் அலகு) இருக்கும். நான்கு இடங்களில் சர்க்கரை ஏறுவதால் ஜெல்லில் 30 முதல் 40 வரை அகலமான பட்டையாகத் தெரியும். எனக்கு வந்தது 20-க்குக் கீழே மெல்லிய ஒரே கோடு. சர்க்கரையை வெட்டும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியைச் சேர்த்தும் அது இம்மியும் நகரவில்லை, அதாவது வெட்டுவதற்குச் சர்க்கரையே இல்லை.

அப்புறம்தான் குப்பியின் லேபிளை உரித்துப் பார்த்தேன். அடியில் இன்னொரு லேபிள்: ஈ. கோலை என்ற பாக்டீரியா, வேறு லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்). பாக்டீரியாவில் செய்த புரதம் மோசம் என்று சொல்லவில்லை. சரியாக மடித்து எடுத்தால் பல வேலைகளுக்கு அதுவே போதும். ஆனால் ஈ. கோலை இந்தச் சர்க்கரையை ஏற்றாது. எனக்கு வேண்டியதே அதுதானே.

"திறந்த குப்பியைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

குப்பியின் லாட் எண்ணும் பகுப்பாய்வுச் சான்றிதழின் லாட் எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் தயவுசெய்து பில்லைத் தொடாதீர்கள். எந்த செல்லில் தயாரித்தது என்பதைப் பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். எங்களுடையதில் அந்த வரி இல்லை. கொட்டேஷன் கேட்ட மெயிலில் மட்டும்தான் இருந்தது. டீலர் இப்போது பிடித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.